அக்கராயனில் சவர்க்காரம் காய்ச்சிய கிழமை

அக்காவைப் பார்க்கப் போகிறவர்கள் சேலை கொண்டு போவார்கள். நான் பாண் சுடுகிற போறணையில் பொருத்துகிற வெப்பமானி ஒன்றைக் கொண்டு போனேன். அத்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பிய ஒரே சாமான் அதுதான். ஐந்நூறு பாகை வரை காட்ட வேண்டும், பற்றரி போடுகிற வகையாக இருக்கக்கூடாது. எதற்கென்று அவர் சொல்லவில்லை. அக்கராயனில் பேக்கரி தொடங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இது 1993ஆம் ஆண்டு, ஆனி முடிந்து ஆடி பிறக்கிற நேரம். டென்மார்க்கில் எனக்குப் பஸ் டிப்போவில் வேலை. ஓடிக் களைத்து வருகிற பஸ்களைக் கழுவி, வயிறு நிறைய டீசல் அடித்து விடுவேன். எரிபொருள் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதைப் பழைய யுத்தகாலப் புத்தகங்களில்தான் வாசித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் இளம் சிப்பாய் ஒருவர் பையைக் கவிழ்த்தார். வெப்பமானியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன மணிக்கூடு? ஒரு முள்தான் இருக்கிறது. ஐந்நூறு மணி வரைக்கும் போகிறது" என்றார் சிங்களத்தில்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது சூடு பார்க்கிறது, பாணும் கேக்கும் சுடுகிற அடுப்புக்கு என்று விளக்கினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவருமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு முதலாமவர் குரலைத் தாழ்த்தி, தன் அம்மா சுடுகிற கேக் எப்போதும் அடியில் கருகி நடுவில் களியாக இருக்கிறது, எத்தனை பாகை வைக்க வேண்டும் என்று கேட்டார். நூற்றெண்பது என்றேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அதே கையால் என் பையிலிருந்த சவர்க்காரக் கட்டிகளில் ஒன்றை மட்டும் என் பாவிப்புக்கென்று விட்டு, மற்றவற்றை எடுத்து மேசையில் அடுக்கினார். வடக்குக்குக் கொண்டு போகக் கூடாதென்று அரசாங்கம் தடுத்தவற்றின் பட்டியலில் பெற்றோல், பற்றரியோடு சவர்க்காரமும் இருந்தது. வெப்பமானியை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வெயிலில் நடந்து, மறுபக்கத்தில் புலிகளின் சோதனையும் முடிந்த பிறகு, ஓமந்தையில் நடராசா என்பவரின் கார் கிடைத்தது. நான் பிறப்பதற்கு முந்திய இங்கிலாந்துக் கார். ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். நடராசா பொனற்றைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து ஊசி மருந்து ஏற்றுகிற சிரிஞ்சை எடுத்தார். ஒரு குட்டிப் போத்தலிலிருந்து பெற்றோலைக் கொஞ்சம் உறிஞ்சி, பிள்ளைக்குச் சொட்டு மருந்து விடுகிற கவனத்தோடு கபிறேற்றரில் விட்டார். எஞ்சின் விழித்துக்கொண்டது. அது விழித்த பிறகு குடித்தது வேறு: மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்த கலவை.

அந்தக் காரின் புகையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. முறுக்குச் சுடுகிற வாசனை. காலையில் வெறும் தேநீரோடு புறப்பட்டவனுக்கு அது சித்திரவதை. பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் முந்திப் போக வழியிருந்தும் முந்தாமல், மூக்கை உயர்த்தியபடி வெகுதூரம் எங்களோடு வந்தார்.

இறங்குகிறவர்கள் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இறங்கினார்கள். தேநீர்க்கடையில் தேநீர் சன்னலால் வந்தது. எஞ்சினை ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டேன்.

"நிப்பாட்டினா திருப்பி ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேணும் தம்பி" என்றார் நடராசா. "ஓமந்தையிலை ஸ்ராட் பண்ணினா வீட்டை போய்த்தான் நிப்பாட்டுவன். போன கிழமை மாமனாற்ரை செத்தவீடு. வாசல்லை கார் இரைஞ்சுகொண்டு நிக்க, உள்ளை போய் அழுதுபோட்டு வந்தனான்."

கார் எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டேன். ஆண்டுகளைக் கேட்பது என் பழக்கம். கரண்ட் நின்றதற்கு முந்திய வருசம் என்றார். இந்தப் பயணத்தில் யாரும் எனக்கு ஆண்டை எண்ணில் சொல்லவில்லை. கரண்ட் நின்ற வருசம், குளம் உடையப் பார்த்த வருசம், சீனி கண்ணால் காணாத வருசம். நானே பின்னர் உட்கார்ந்து கணக்குப் பார்த்து எண்ணாக்கிக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா வீட்டில் புட்டும் குளத்து யப்பான் மீன் குழம்பும். தேநீருக்குச் சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். அக்கா நான் கொண்டுவந்த ஒற்றைச் சவர்க்காரத்தை மணந்து பார்த்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அலுமாரிக்குள் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வருடமாக இங்கே உடுப்புத் தோய்ப்பது பனம்பழத்தாலும் சாம்பலாலும்தான் என்றார். அத்தான் சவர்க்காரத்தைப் பார்க்கவேயில்லை. வெப்பமானியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

புதன்கிழமை விடிய, பேக்கரி இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

வளவின் பின்புறம், வேலியோரம், டீசல் பீப்பாயாக இருந்த ஒரு இரும்புப் பரல் கல்லடுப்பில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மூடியில் இரண்டு துளைகள். ஒன்றிலிருந்து குழாய் புறப்பட்டு ஒரு தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றுவிட்டது. மற்றத் துளைதான் என் வெப்பமானிக்கு. அத்தான் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தவர். ஊரில் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். கையில் முருங்கைக்காயோடு வந்து விளக்கினார்.

"உந்த இலுப்பெண்ணெய் இருக்கெல்லே, அது இப்பிடி நீளமான சாமான். அப்பிடியே எஞ்சினுக்கை விட்டா எரிஞ்சு முடியாமல் பிசின் மாதிரி ஒட்டிப்போடும். காத்துப் படாமல் நல்லாச் சூடாக்கினா அது முறியும்." முருங்கைக்காயை முறித்தார். "உந்த நீட்டுத் துண்டு டீசல். இந்தக் குட்டைத் துண்டு பெற்றோல். அதிலும் குட்டை காஸ், அது பறந்து போடும்."

எண்ணெயை நேரே பரலில் ஊற்றிக் காய்ச்சினால் பொங்கிக் குழாயை அடைக்கும், புளிப்பான திரவம் வந்து எஞ்சினை அரிக்கும். அதனால் முதலில் சுண்ணாம்போடு சேர்த்துக் கொதிக்க வைத்துக் கட்டியாக்க வேண்டும். அந்தக் கட்டி ஒருவகைச் சவர்க்காரம். அதைக் காய வைத்துப் பரலில் போட்டு, நானூறு பாகைக்கு மேல் வாட்டினால் ஆவி வரும், குளிர்ந்தால் எரிபொருள். இதை நான் முன்பே வாசித்திருந்தேன். யுத்த காலத்தில் சீனர்கள் ஒருவகைக் கொட்டையின் எண்ணெயை இப்படித்தான் சுண்ணாம்புச் சவர்க்காரமாக்கி வாட்டி லொறி ஓட்டினார்கள். அத்தானிடம் சொன்னபோது, அவர்களிடம் வெப்பமானி இருந்திருக்கும் என்றார் பொறாமையோடு. இவர் இரண்டு முறை கண் மதிப்பில் வாட்டிப் பார்த்திருக்கிறார். முதல் முறை சூடு போதாமல் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை கூடி, எல்லாம் புகையாகிக் கரியாகிவிட்டது.

அப்போது படலையைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துவாய், கையில் மண்வெட்டி. பாக்கியம் என்று அக்கா அறிமுகம் செய்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தோடு மலையிலிருந்து இறங்கி, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். புருசன் இல்லை. பக்கத்துக் காணியில் அரை ஏக்கர் மிளகாய் போட்டிருந்தார். அந்த மிளகாய்தான் வருகிற மாரி வரைக்கும் அவர் வீட்டுச் சோறு.

மிளகாய் பூத்துப் பிஞ்சு பிடித்து நிற்கிறது, சோளகக் காற்று நிலத்தை உலர்த்துகிறது. கிணற்றில் தண்ணீர் உண்டு. இறைப்பு மிசினும் உண்டு. மிசினுக்கு ஊற்ற ஒன்றுமில்லை. கூட்டுறவுக் கடையில் கிடைக்கிற மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாது. பாக்கியம் குளக்கட்டு இலுப்பைகளின் கீழ் பொறுக்கிச் சேர்த்த கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய் முழுவதையும், விளக்குக்கு விற்காமல், மிசின் ஓட்டித் தருகிறேன் என்ற அத்தானின் சொல்லை நம்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு முறையில் முக்கால்வாசி வீணாகிவிட்டது. மிஞ்சியது ஒரு அண்டா.

என்னைப் பார்த்து, "அந்த மணிக்கூடு கொண்டாந்தீங்களா தம்பி?" என்றார். காட்டினேன். "இதுக்காகத்தான் மாஸ்டர் ஒரு மாசமா காத்துகிட்டு இருக்காரு. என் மொளகா காத்துகிட்டு இருக்காது. திங்கக்கெழம வரைக்கும் பொறுக்கும். செவ்வாக்கெழம பூவு, பிஞ்சு எல்லாம் கீழ கெடக்கும்."

அத்தான் தலையாட்டினார். பாடசாலையில் அவருக்கு முன்னால் பிள்ளைகள் ஆட்டியிருக்கக்கூடிய தலையாட்டல்.

வியாழக்கிழமை முழுவதும் அண்டாவில் எண்ணெயும் நீற்றின சுண்ணாம்பும் கொதித்தன. அகப்பைக்குப் பதிலாகத் துடுப்பு. அத்தானும் நானும் பாக்கியமும் முறை வைத்துக் கிண்டினோம். டென்மார்க்கில் இரு கை நிறையச் சவர்க்காரத்தை யோசிக்காமல் வடிகாலில் விடுகிறவன், இங்கே அதைக் கிண்டித் தோள்மூட்டு கழன்று நின்றேன். பின்னேரம் கலவை இறுகிச் சாம்பல் நிறக் கட்டிகளாக வந்தது. சாக்குகளை விரித்துப் பரப்பினோம். நல்லாய்க் காய வேண்டும், ஈரம் இருந்தால் பரலுக்குள் வெடித்துக் குதிக்கும் என்றார் அத்தான்.

குழாய்தான் இன்னும் பாதி. துணுக்காயில் சோடா செய்கிற ஒருவரிடம் செப்புச் சுருள் குழாய் இருப்பதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமை காலை அத்தான் சைக்கிள் மிதிக்க, நான் கரியரில் ஏறினேன். போகும்போது எதிர்காற்று. பாதி வழியில் நான் மிதித்தேன், அத்தான் கரியரில் இருந்து இலுப்பெண்ணெயின் அமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பின் ரயர் வெடித்திருந்த இடத்தைப் பழைய ரயர்த் துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தூக்கிப் போட்டது. துணுக்காய் போகும்வரை அது என்னோடு பேசிக்கொண்டே வந்தது, அன்று முழுக்க நான் இருக்க முடியாமல் நின்றுகொண்டே சாப்பிடும் அளவுக்கு.

சோடாக்காரர் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். காஸ் வருவதில்லை, சீனி வருவதில்லை, போத்தல்கள் மட்டும் தூசி தட்டி வரிசையாக நின்றன. எங்களுக்கு ஆரஞ்சு நிறத் தோடம்பழச் சாயம் போட்ட தண்ணீர் தந்தார். சோடா என்று நினைத்துக் குடிக்கச் சொன்னார். நினைத்துக் குடித்தோம். சுருள் குழாயை அவரே கழற்றித் தந்து, வேலை முடிந்து திருப்பித் தரும்போது ஒரு சிரிஞ்ச் பெற்றோலும் தர வேண்டும், தன் மோட்டார் சைக்கிள் கரண்ட் நின்ற வருசத்திலிருந்து கோழி அடைகாக்கிற இடமாக இருக்கிறது என்றார்.

பொழுது சாயும் நேரம் வீடு வந்தோம். கழுத்தில் செப்புச் சுருளை மாலையாகப் போட்டிருந்த அத்தான் படலையில் சைக்கிளை நிறுத்தினார். நிறுத்திய இடத்திலேயே நின்றார்.

சாக்குகள் விரித்தபடி கிடந்தன. அவற்றின் மேல் ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒரு கைப்பிடித் தூள்.

அக்கா குசினியிலிருந்து மலர்ந்த முகத்தோடு வந்தார். நடந்ததை அவரே சொன்னார். காலையில் அடுத்த வீட்டுச் சின்னக்கிளி வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை. பெண்கள் தலை முழுகிக் கோவிலுக்குப் போகிற நாள். மாஸ்டர் வீட்டில் சவுக்காரம் காய்ச்சிக் காயப் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா கிண்ணத்திலும் பேணியிலும் சிரட்டையிலும் சுளகிலும் அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

"நான் உமக்குச் சொல்லிப்போட்டெல்லோ போனனான்" என்றார் அத்தான். 

"என்ன சொன்னனீங்கள்? சாக்கை மாடு மிதியாமல் பார் எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். மாடு மிதிக்கேல்லை."

"அது மிசினுக்கு."

"வளவு முழுக்கச் சவுக்காரத்தைப் பரப்பி வைச்சுக்கொண்டு, வந்த சனத்துக்கு இல்லை எண்டு எந்த வாயாலை சொல்லுறது? நீங்கள் சொல்லுவியளே?"

அத்தான் யோசித்தார். அவராலும் முடியாது என்பது முகத்தில் தெரிந்தது. கழுத்திலிருந்த செப்புச் சுருளைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார். பாக்கியத்துக்கு யார் சொல்வது என்பதுதான் அன்று மீந்த பொழுதெல்லாம் பேச்சு. ஒருவரும் போகவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சனிக்கிழமை காலை படலையில் முதலில் நின்றது சின்னக்கிளி. தலையைத் துவாயால் இறுகக் கட்டியிருந்தார். பின்னால் இன்னும் பல துவாய்த் தலைகள்.

"மாஸ்டர், உங்கடை சவுக்காரம் நுரைக்கேல்லை."

"அது நுரையாது பிள்ளை. அது எஞ்சினுக்குச் செய்தது."

"அப்ப என்ரை தலை எஞ்சினோ?" என்று துவாயை அவிழ்த்தார். தலைமயிர் சாம்பல் நிறப் பிசினில் தோய்ந்து ஒரே கட்டியாக, தொப்பி போல் நின்றது. வேறொருவர் தோய்த்துக் காயப்போட்ட வேட்டியைக் கொண்டுவந்திருந்தார். மடித்து வைத்தால் மடிந்தபடி, நிமிர்த்தினால் நிமிர்ந்தபடி நின்றது. கதவாகப் பாவிக்கலாம்.

டென்மார்க்கில் வாங்கிய சாமான் பிழையென்றால் பற்றுச்சீட்டோடு போய் ஒரு மேசைக்கு முன் நிற்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் பட்டும் படாமலும் மன்னிப்புக் கேட்பார். இங்கே மேசையில்லை. அத்தானைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் வகுப்பெடுக்கிற குரலில், சுண்ணாம்புச் சவர்க்காரம் தண்ணீரில் கரையாது, புளிப்பில் விடும், தேசிக்காய்ச் சாறு தேய்த்துப் பிறகு சீயாக்காய் போடுங்கோ என்று மருந்து சொன்னார். அக்கா வளவுத் தேசிமரத்தை உலுக்கினார்.

இந்த நேரத்தில்தான் பாக்கியம் வந்தார். வெறும் சாக்கைப் பார்த்தார். தலைகளைப் பார்த்தார். அவருக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். பனையோலைக் கடகம் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "யாரு யாரு வீட்டுல எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

படலை படலையாகப் போனோம். பாக்கியம் எல்லா வீட்டிலும் ஒரே வசனத்தைச் சொன்னார்: "தாயி, நீ வச்சிருக்கிறது சவுக்காரம் இல்ல, என் மொளகா." அதிகம் பேர் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கட்டியை வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மகளின் கல்யாணத்துக்கென்று பெட்டிக்குள் பூட்டியிருந்தது. நுரைக்காது என்றோம். கல்யாணத்தன்று நுரைக்கலாம் தானே என்றார் அந்த அம்மா. பாக்கியம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டி திறக்கும் வரை எழும்பவில்லை.

பாதிக்கு மேல் திரும்பி வந்தது. தேய்ந்தது போனது போனதுதான். குறைகிற அளவைப் பார்த்து அத்தான், முழுத் தோட்டத்துக்கும் காணாது, பாதி நனையும் என்றார். பாக்கியம் தோட்டப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பாதி என்று கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு, அக்கா கொடுத்த கிண்ணங்களும் பேணிகளும் சுளகுகளும் திரும்பி வரத் தொடங்கின. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை இந்த ஊரில் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். தலையைப் பழுதாக்கிய சாமான் வந்த பாத்திரமாக இருந்தாலும் அதுதான் முறை. அள்ளி வைக்க வீட்டில் சீனியோ மாவோ இல்லாததால், இருந்ததை வைத்தார்கள். இருந்தது எண்ணெய். சின்னக்கிளியின் பேணியில் வேப்பெண்ணெய். வேறொன்றில் ஆமணக்கெண்ணெய். ஒரு சிரட்டையில் புங்கெண்ணெய். பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு குடும்பம் சுளகு நிறையக் கொப்பறாத் துண்டுகள் கொடுத்தது. வைத்தவர்கள் யாரும் மிசினை நினைத்து வைக்கவில்லை. பாத்திரத்துக்காக வைத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினார்கள்.

அத்தான் ஒவ்வொரு பாத்திரமாக மணந்து பார்த்து அண்டாவில் ஊற்றினார். கொப்பறாவை உரலில் இடித்துப் பிழிந்தோம். எந்த எண்ணெயென்றாலும் முறிந்தால் ஒன்றுதான் என்றார், கொஞ்சம் தனக்கே சொல்வதுபோல. மிஞ்சிய சுண்ணாம்போடு திரும்பவும் கொதிப்பு, திரும்பவும் துடுப்பு. இந்தமுறை காயப்போட்ட சாக்குகளுக்கு அக்கா காவல். கையில் தடி. மாட்டுக்கு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பரலை நிரப்பி மூடி, விளிம்புக்குக் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசி, கீழே பாலை விறகு மூட்டினோம். என் வேலை வெப்பமானியைப் பார்த்துக் கத்துவது. நூறில் தண்ணீர் ஆவி வந்து சொட்டியது. முந்நூறில் ஒன்றுமில்லை. முந்நூற்றைம்பதிலும் ஒன்றுமில்லை. முள் அங்கேயே நின்றது. அத்தான் விறகைத் தள்ளச் சொன்னார், பிறகு இழுக்கச் சொன்னார். பாக்கியம் கிட்ட வரவில்லை. முருங்கையின் கீழ் முதுகைக் காட்டியபடி நின்றார்.

நானூறைத் தாண்டியதும் குழாய் இருமியது. பிறகு ஒரு வெள்ளைப் புகை, அதன் பின்னால் வாசனை. இதற்கு நடராசாவின் காரைப் போல் முறுக்கு வாசனை இருக்குமென்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை. எரிந்த தலைமயிர், பழைய விளக்குத்திரி, வேப்பங்கொட்டை மூன்றும் ஒரே அறையில் பூட்டிக் கிடந்தது போல. வீட்டு நாய் எழுந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குளத்துப் பக்கம் போனது. மாலை வரை அது திரும்பவில்லை.

குழாயின் நுனியில் ஒரு மஞ்சள் துளி திரண்டது. விழவில்லை. அத்தானும் நானும் குனிந்தோம். விழுந்தது. அடுத்தது. பிறகு நூலாக ஓடத் தொடங்கியது.

வந்ததைத் திரும்பவும் மெல்லிய சூட்டில் வடித்தோம். முதலில் வந்த தெளிந்த பகுதியைத் தனியே ஒரு குட்டிப் போத்தலில் பிடித்தார் அத்தான். அதில் துணியை நனைத்து எட்ட நின்று நெருப்பு வைத்ததும், துணி தானே பாய்ந்து பற்றியது. அத்தான் என் முதுகில் அடித்தார். நாற்பது வயதில் முதுகில் அடி வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. மிச்சம் தேன் நிறத்தில் ஒரு எண்ணெய்க் கான் நிறைய வந்தது. பாக்கியம் கானைத் தூக்கிப் பாரம் பார்த்தார். முழுத் தோட்டத்துக்கும் காணுமா என்று கேட்டார். காணலாம் என்றார் அத்தான். காணும் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் கிணற்றடியில் நின்றோம். அக்காவும் சின்னக்கிளியும் வந்திருந்தார்கள். சின்னக்கிளியின் தலைப் பிசின் தேசிக்காய்க்கு விட்டிருந்தது, முழுவதும் அல்ல. அத்தான் குட்டிப் போத்தலிலிருந்து சிரிஞ்சால் எடுத்து விட்டுக் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. பத்துத் தடவை இழுத்தார். நான் இழுத்தேன். என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. மிசின் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மாஸ்டர், இதுக்கு முந்தியும் ரெண்டு தரம் வீணாப் போச்சு" என்றார் பாக்கியம். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

அத்தான் போத்தலை வெயிலுக்கு எதிரே பிடித்தார். அடியில் கண்ணாடி போல ஒரு பட்டை: தண்ணீர். முதல் ஆவியோடு வந்தது. பெற்றோல் மேலே மிதக்க, சிரிஞ்ச் அடியிலிருந்து தண்ணீரைத்தான் உறிஞ்சியிருக்கிறது. இரசாயனம் படிப்பித்தவர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். மேற்பகுதியை மட்டும் மெல்லச் சரித்து எடுத்து, திரும்ப விட்டு, இழுத்தார்.

மிசின் தும்மியது. கறுப்புப் புகை ஒன்றைக் கக்கி நின்றது. அடுத்த இழுவையில் பிடித்துக்கொண்டது. கானிலிருந்து வந்த தேன்நிறச் சாமானுக்கு மாற்றியதும் சத்தம் தடுமாறியது, எல்லோரும் குனிந்தோம், பிறகு அது தன் தாளத்தைக் கண்டுபிடித்தது. குழாய் கடகடத்து, காற்றைத் துப்பி, தண்ணீரைக் கொட்டியது.

பாக்கியம் அதைப் பார்க்க நிற்கவில்லை. மண்வெட்டியோடு வரிசைகளுக்குள் ஓடிவிட்டார். ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை வெட்டி அடுத்ததற்குத் திருப்பினார். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் மிசின் சத்தத்துக்குள்ளும் கேட்டது. அத்தான் கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தார். குச்சி நனைகிற நீளம் குறைந்துகொண்டு வந்தது. தோட்டத்தில் காய்ந்த பகுதியும் குறைந்துகொண்டு வந்தது. எது முதலில் முடியும் என்பதுதான் அந்தக் காலை.

கான் முதலில் முடிந்தது. கடைசிப் பாத்திகள் வெளிறிக் கிடக்க, மிசின் இரண்டு முறை விக்கி நின்றது. திடீரென்று காகங்களின் சத்தம் கேட்டது.  ஆனால் வாய்க்காலில் போன தண்ணீர் மிசின் நின்றதை அறியாமல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதோடு நடந்தோம், அக்கா, சின்னக்கிளி, அத்தான், நான், தண்ணீரின் நுனியைப் பார்த்தபடி. அது சருகைத் தள்ளிக்கொண்டு, ஒரு கட்டியில் தடுக்கி, சுற்றி, மெலிந்து போனது. பாக்கியம் பின்னால் வாய்க்காலில் தேங்கியதையெல்லாம் மண்வெட்டியால் வழித்து வழித்து முன்னுக்குத் தள்ளினார். நுனி கடைசிப் பாத்திக்குள் நுழைந்தது. பாத்தி நிறையவில்லை. ஆனால் ஓரத்தில் நின்ற கடைசிச் செடியின் அடி கறுத்தது.

பாக்கியம் மண்வெட்டியை ஊன்றி, அந்தச் செடியைப் பார்த்தார். அத்தான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாக்கியம் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றார். நாங்களும்தான்.

"அடுத்த தண்ணி வாற திங்கக்கெழம, மாஸ்டர்" என்றார் பாக்கியம். "இப்பவே அடுப்ப மூட்டுங்க. நான் கொட்ட பொறுக்கப் போறேன்."

துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு குளக்கட்டை நோக்கி நடந்தார். அக்காவும் சின்னக்கிளியும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கடகங்களை எடுத்தார்கள். அத்தான் வரம்பில் உட்கார்ந்து, எனக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார்.